ஐந்தாவது சோதனைத் தட்டு

இசைத்தட்டுச் சந்தையில், ரஸ்ஸல் பிட்கினின் விற்பனை மேசையில் அந்த மஞ்சள் இசைத்தட்டைப் பார்த்ததும் நோலீனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அரை நொடி சந்தோஷம். உறையின் மேல் ‘உப்பு வெளி: அசல் பின்னணி இசை’ என்று போட்டிருந்தது. அந்தப் படத்துக்கு அப்படியொரு தட்டு வெளிவந்ததே கிடையாது. இது உலகத்துக்கே தெரியும். அதாவது, இதைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிற நானூறு பேர் கொண்ட உலகத்துக்கு. உறையைத் திருப்பினாள். பின்பக்கம் அடியில், பொடி எழுத்தில், ‘ரஸ்ஸல் பிட்கின் சேகரிப்பிலிருந்து’ என்று இருந்தது.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

எழுபத்தொன்பதில் வந்த படம் அது. வாரிக் ஹேலட் என்பவர் இசையமைத்தார். படத்தோடு சேர்த்து விற்பதற்காகத் தட்டும் தயாராகி, அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க ஐந்தே ஐந்து சோதனைத் தட்டுகள் அடித்தார்கள். அதற்குள் தயாரிப்பாளருக்கு இசை பிடிக்காமல் போய், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்து இசை போட்டுக்கொண்டார். ஐந்தில் நான்கு எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாவதை எண்பத்தேழில் நார்வுட் பக்கம் ஒரு பழைய பொருள் கடையில், சமையல் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து நோலீன் எடுத்தாள். விலை இரண்டு டாலர். வெள்ளை லேபிளில் பென்சிலால் படத்தின் பெயர் மட்டும் எழுதியிருந்தது.

நோலீன் பார்ட்ச் அடிலெய்டில் டிராம் ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தெட்டு. பிளிம்டனில் இருக்கிற அவள் வீட்டில் இரண்டாவது படுக்கையறையின் ஜன்னல் திரை பகலிலும் திறப்பதில்லை. வெயில் பட்டால் உறைகள் வெளுத்துவிடும். தட்டும் சிடியுமாக நாலாயிரத்துச் சொச்சம், எல்லாம் பின்னணி இசை. அந்தப் படங்களில் கால்வாசியைக்கூட அவள் பார்த்ததில்லை. பார்க்கவும் விருப்பமில்லை. நடிகர்கள் வந்து பேசிக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவள் கட்சி.

ரஸ்ஸல் அந்த ஊர் திரையிசை வட்டத்தின் தலைவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு, தேன் தடவிய குரலில் அவளைக் கரைத்தவரும் அவர்தான். “வினைல் தட்டு ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கொஞ்சம் சாகுது நோலீன். ஒரே ஒரு தடவை எங்க வீட்டுக்குக் கொண்டா, கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம். உனக்கு ஒரு சிடி போட்டுத் தர்றேன். எங்கிட்ட இருக்கிறத அழிச்சிடுறேன்.” அவளே தட்டைக் கொண்டுபோனாள், அவளே ஊசியை வைத்தாள், நாற்பது நிமிடமும் பக்கத்திலேயே காவல் நின்றுவிட்டுத் தட்டோடு திரும்பினாள். தட்டை அவர் தொடவில்லை என்பதே அவளுக்குப் போதுமான பாதுகாப்பாகத் தெரிந்தது.

இப்போது ரஸ்ஸல் மேசைக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கண்ணு, ஒண்ணு எடுத்துக்க. உனக்குன்னா பத்து டாலர் கம்மி.”

“இது என் தட்டு, ரஸ்.”

“எது, மஞ்சளா? உன்னோடது கறுப்பால்ல இருக்கும்?”

பக்கத்து மேசைகளில் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“போடு, கேப்போம்” என்றாள் நோலீன்.

வாங்குகிறவர்களுக்காக மேசை ஓரத்தில் ஒரு பிளேயர் வைத்திருந்தார். தாராளமாக, கைகளை விரித்துக் காட்டிவிட்டு ஊசியை வைத்தார். நோலீன் குனிந்து காதைக் கொடுத்தாள். மூன்றாவது துண்டில் புல்லாங்குழல் தனியாக வரும். அவள் தட்டில் அந்த இடத்தில் ஒரு கீறல் உண்டு. நான்கு முறை ‘டிக்’ கேட்கும். இதில் டிக் இல்லை. கம்ப்யூட்டரில் துடைத்திருந்தார். ஆனால் துடைத்த நான்கு இடங்களிலும் புல்லாங்குழல் வாசித்தவர் மூச்சு இழுக்கிற சத்தமும் சேர்ந்து போயிருந்தது.

“கீறலை அழிக்கிறேன்னு மூச்சையும் அழிச்சிருக்க. நாலு எடத்துல. என் கீறல் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“நூத்திப் பதினேழு பேர் வாங்கியாச்சு. மூச்சக் காணோம்னு ஒருத்தனும் வந்து நிக்கல.”

“திருட்டுப் பய நீ.”

“நானா? இருபத்தாறு வருஷமா இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருந்தது நீ. வர்றவங்ககிட்ட எல்லாம் எங்கிட்ட இருக்கு, எங்கிட்ட இருக்குன்னு பீத்திக்குவ, ஒருத்தனுக்குப் போட்டுக் காட்டுனியா? நான் ஊருக்குக் குடுத்தேன். போ, போய் டிராம் ஓட்டு.”

நோலீன் பிளேயரின் கையைப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த தட்டின் மேல் ஊசியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தி இழுத்தாள். கூடம் முழுக்க ‘கர்ர்ர்’ என்று கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“இப்பக் கீறல் இருக்கு. அசல் மாதிரியே இருக்கு” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. சோதனைத் தட்டைத் துணியில் சுற்றி முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு, எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கடலோர ஊரான போர்ட் எலியட்டுக்குக் காரை விட்டாள். வாரிக் ஹேலட் அங்கேதான் இருந்தார். வயது எண்பத்திரண்டு. ரஸ்ஸலின் மஞ்சள் தட்டு ஒன்றையும் தபாலில் வேறு பெயரில் வரவழைத்துச் சாட்சியாக எடுத்திருந்தாள். இசையமைத்தவரே கேஸ் போட்டால் ரஸ்ஸல் தொலைந்தார். வழியெல்லாம் அந்தக் கிழவர் தன் கையைப் பிடித்து நன்றி சொல்கிற காட்சி அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் உட்கார்ந்து தட்டைக் கேட்பது போலவும்.

ஹேலட் வீட்டு முன்னால் கவிழ்த்துப் போட்ட சின்னப் படகு ஒன்றின் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் சுரண்டலை நிறுத்தாமலேயே கேட்டார். மஞ்சள் தட்டை வாங்கி, தன் பெயரைப் படித்து, படகின் மேல் வைத்தார்.

“சரி, ஒருத்தன் திருடிட்டான். எதுலேர்ந்து திருடினான்?”

“எங்கிட்ட இருந்த சோதனைத் தட்டுலேர்ந்து, மிஸ்டர் ஹேலட்.” காரைக் காட்டினாள். “கொண்டு வந்திருக்கேன். அற்புதமான வேலைங்க அது. முக்கியமா அந்தப் புல்லாங்குழல்...”

சுரண்டல் நின்றது.

“அது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?”

சொன்னாள். கடை, சமையல் புத்தகங்கள், இரண்டு டாலர். இந்தக் கதையைச் சொல்லி அவள் பலமுறை கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

“எந்த வருஷம்?”

“எண்பத்தேழு.”

“எண்பத்தேழுலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் டெலிபோன் புத்தகத்துல என் பேரு இருந்திருக்கு” என்றார் ஹேலட். “ஹேலட், டபிள்யூ. பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாரா இருந்தேன். ஒளிஞ்சிக்கிட்டு இருக்கல.”

நோலீன் படகின் மேலிருந்த மஞ்சள் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“எனக்குக் குடுத்த தட்ட, அந்தத் தயாரிப்பாளன் மேல இருந்த ஆத்திரத்துல அன்னைக்கே ஒடச்சிப் போட்டேன். டேப்பையும் அவனுங்க அழிச்சிட்டானுங்க. புல்லாங்குழல் வாசிச்சது என் பொண்டாட்டி ஜூடித். ரெண்டாயிரத்தேழுல செத்துப் போனா. கடைசி ரெண்டு வருஷம் படுக்கைதான். தான் வாசிச்சது ஏதாச்சும் கேக்கணும்னு சொல்லுவா. வீட்டுல ஒண்ணுமில்ல. அப்ப அது உன் அலமாரியில, எந்த அடுக்குல இருந்துச்சு? ‘ஹே’ வரிசையிலயா?”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்பதை அவள் கவனிக்கவில்லை. வரிசை பற்றிச் சொன்னது மட்டும் சரியாக இருந்தது.

“எனக்குத் தெரியாதுங்க.”

“எங்கிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஊர்ல ஒருத்தன்கிட்டயும் இல்லாதது உங்கிட்ட மட்டும் இருக்கணும். கேட்டா அது போயிடும்ல?” உப்புக்காற்றில் வெடித்த கையை நீட்டினார். “குடு.”

நோலீன் காரைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

“நான் யோசிக்கணும்” என்றாள்.

“அவன விட நீ மோசம். அவனாவது நாலு பேருக்கு வித்தான்.”

எண்பது கிலோமீட்டரும் அவள் அந்தக் கிழவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினாள். உடைத்தவனுக்கு என்ன உரிமை? பத்திரமாக வைத்தது யார்? வீட்டுக்கு வந்து தட்டை அதன் இடத்தில் செருகி, அந்த அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள். அன்றிலிருந்து ஒரு வாரம் அவளுக்கு எந்தத் தட்டும் காதில் ஏறவில்லை. டிராமில் ஒரு பயணியிடம் அநியாயமாகச் சண்டை போட்டு, டிப்போவில் எச்சரிக்கை வாங்கினாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஹேலட்டின் மகள் பிலிப்பா வக்கீல். ரஸ்ஸல் விற்பனையை உடனே நிறுத்தி, மிச்சத் தட்டுகளை ஒப்படைக்க வேண்டும். செல்வி பார்ட்ச்சிடம் இருக்கும் சோதனைத் தட்டு குறித்துப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும். இருவருக்கும் ஒரே கடிதம், ஒரே தாள்.

அன்று மாலையே ரஸ்ஸல் போன் செய்தார். குரலில் மறுபடியும் தேன்.

“நோலீன், கோவத்த விடு. அந்த வக்கீலம்மாகிட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்ல. நான் வெளிநாட்டுலேர்ந்து வந்த ஒரு கேசட்லேர்ந்து எடுத்தேன்னு எழுதிடுறேன். நீ உங்கிட்ட தட்டே கிடையாது, கிழவருக்கு ஏதோ மறதின்னு எழுதிடு. தட்டு உங்கிட்டயே இருக்கும். என்னைக்கும்.”

“அவருக்கு மறதியா?”

“எண்பத்திரண்டு வயசு. யாரு நம்பப் போறா? இங்க பாரு, நாம அடிச்சிக்கலாம், அது வேற. வெளி ஆளு வந்தா நாம ஒரே கட்சி. நீயும் நானும் ஒரே ஜாதி, கண்ணு.”

நோலீன் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றாள். அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் ‘நீயும் நானும்’ என்கிற சொல் அவளுக்குச் சட்டைக்குள் விழுந்த எறும்பு மாதிரி ஊர்ந்தது. எத்தனை முறை உதறியும் போகவில்லை.

மறுநாள் வேலைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு போர்ட் எலியட்டுக்குப் போனாள். மனம் திருந்திவிட்டது என்று அவளே சொல்லிக்கொள்ளவில்லை. ரஸ்ஸல் பிட்கினோடு ஒரே கட்சியில் இருப்பதைவிட, தன்னை வெறுக்கிற கிழவரின் கையில் அது இருப்பது மேல் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஜூடித் என்ற பெயரும் நடுநடுவே வந்தது. அதை அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

ஹேலட் கதவைப் பாதி திறந்தார். துணியோடு தட்டை நீட்டினாள். ரஸ்ஸல் போனில் பேசியதை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளையும் கொடுத்தாள். அவர் தாளைப் படித்தார். வெள்ளை லேபிளில் இருந்த பென்சில் எழுத்தை நெடுநேரம் பார்த்தார்.

“பிளேயர் இருக்குங்களா?” என்று கேட்டாள். “இல்லேன்னா எங்கிட்ட ஒண்ணு கார்ல...”

“அது உனக்கெதுக்கு?” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே கூப்பிடுவார் என்று எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நாய் ஒன்று வேலியோரம் வந்து குரைக்கத் தொடங்கியதும் கிளம்பினாள்.

ரஸ்ஸல் மிச்சம் முந்நூற்றுச் சொச்சம் தட்டுகளை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. வெளியே போய்விட்டவை ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கை மாறி மாறி விலை ஏறிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஹேலட்டிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. பிலிப்பாவிடமிருந்து, தட்டு பெற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

திரையிசை வட்டத்தில் செய்தி ஒரே நாளில் பரவியது. ரஸ்ஸல் செய்தது தப்பு என்று யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. நோலீன் காட்டிக்கொடுத்தவள் என்பதை மட்டும் எல்லோரும் சொன்னார்கள். அந்த ஊரில் திருடனோடு உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். காட்டிக்கொடுத்தவளுக்கு நாற்காலிகூடக் காட்ட மாட்டார்கள். யாரோ அவளுடைய கார்க் கண்ணாடியில் ‘டிக் டிக் டிக் டிக்’ என்று எழுதி ஒட்டிவைத்தார்கள்.

ஏப்ரல் மாதம் ஆண்டுக் கூட்டம் வந்தது. அவள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தார்கள். வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலியாகவே இருந்தன. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த டெர்ரி என்பவன் பால் ஜாடியை அவளைத் தாண்டிக் கொண்டுபோனான்.

“டெர்ரி, பாலு.”

“தீந்து போச்சு.”

“ஜாடியில தளும்புது.”

“உனக்குத் தீந்து போச்சுன்னேன்.”

அவள் எழுந்துபோய் அவன் கையிலிருந்து ஜாடியை வாங்கி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தலைவர் தேர்தல் வந்தது. ரஸ்ஸலை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்; பதினோரு கைகள் எழுந்தன.

“எதிர்ப்பு?” என்று கேட்டுவிட்டு, ரஸ்ஸல் அவளைப் பார்க்காமல் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

நோலீன் கையைத் தூக்கினாள். யாரும் எண்ணவில்லை. அவள் கையை இறக்கவும் இல்லை.

“எழுதிக்க ரஸ்” என்றாள். “பதினொண்ணுக்கு ஒண்ணு. நீ எழுதற வரைக்கும் இப்படியேதான் உக்காந்திருப்பேன்.”

ரஸ்ஸல் பேனாவைத் தேடினார்.