நகமில்லாத கைக்கு ஒரு கத்தி

ஸ்ரீதர் சாரை நான் அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. ஒரு கத்தி வாங்கினேன்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் தகட்டை அழுத்தி வளைக்கும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இருந்தேன், சின்ன மிஷின். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அது இறங்க வேண்டும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. எங்கள் சூப்பர்வைசர் ஸ்ரீதர் அந்தப் பட்டன்களைக் கம்பியால் கட்டிவிட்டு, காலில் மிதிக்கிற பெடல் மாட்டினார். பீஸ் வேகமாக விழும், அவருக்கு நல்ல பேர். மார்ச் மாதம் ஒரு மதியம், இரண்டு கையும் உள்ளே இருக்கும்போது என் கால் பெடலில் பட்டுவிட்டது. எலும்பு தப்பியது. இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று ஆறு விரலில் நகம் போனது, திரும்ப முளைக்கவே இல்லை.

அந்த மனுஷன் முதலில் கம்பியை அவிழ்த்தார். அப்புறம்தான் எனக்குத் துணி சுற்றினார். முதலுதவி ரிஜிஸ்டரில் "வீட்டுக் கதவில் நசுங்கியது" என்று எழுதினார்.

"கம்பெனில அடிபட்டதுன்னு போச்சுன்னா உன்ன வெச்சிக்க மாட்டாங்க ஜாஸ்மின். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் பேக்கிங்கில் போட்டார்கள். பிளேடு உடைந்து பீஸோடு கலந்துவிடுகிறது என்று பெட்டி அறுக்கும் கட்டரைத் தடை செய்துவிட்டு, ஆளுக்கொரு மடக்குக் கத்தி கொடுத்திருந்தார்கள். அலகில் நகம் வைத்து இழுக்கச் சின்னப் பள்ளம். எனக்கு ஏது நகம்? பல்லால் இழுத்து உதட்டைக் கிழித்துக்கொண்டேன். பக்கத்தில் நிற்கும் பிரவீனாதான் ஒவ்வொரு முறையும் திறந்து கொடுத்தாள்.

ஸ்ரீதர் அதைப் பார்த்துவிட்டார். "கத்தியே தொறக்க முடியலன்னா உன்ன இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கிறது? மாசக் கடைசில அன்ஃபிட்னு எழுதிடுவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட மாட்டேன், அந்தக் கதவுப் பொய்யையும் இவன் கையாலேயே அழிக்க வைப்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஞாயிறு கோயில் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பஜாருக்குப் போனேன். தேவராஜன் அண்ணனின் இரும்புச் சாமான் கடையில் ஒன்பது கத்தி பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே பள்ளம்.

"இன்னா தேடுறம்மா?" என்றார் அவர். கையைக் காட்டினேன். உள்ளே போய் ஒரு கத்தியைக் கொண்டுவந்தார். அலகில் வட்டமாக ஓர் ஓட்டை. கட்டைவிரல் சதையை அதில் வைத்துத் தள்ளினேன். டக்கென்று திறந்தது. கடையிலேயே நின்று இருபது தடவை திறந்து மூடினேன்.

திங்கட்கிழமை பிரவீனா முடிப்பதற்கு முன்பே என் பெட்டிகளை முடித்துவிட்டேன். ஸ்ரீதர் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கண் எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் மாதாமாதம் கைசன் போட்டி உண்டு. வேலையை எளிதாக்கும் யோசனையை அட்டையில் எழுதி, ஏன், ஏன் என்று காரணத்தையும் எழுதி, கையெழுத்திட்டு போர்டில் ஒட்ட வேண்டும்.

"இத நான் கைசன்ல போடுறேன். நீ ஒண்ணும் நெனச்சிக்காத" என்றார்.

"போடுங்க சார். ஆனா நகம் ஏன் இல்லன்னு கேப்பாங்களே? வூட்டுக் கதவுன்னு எழுதினா தள்ளிடுவாங்க. கம்பெனிக்குள்ள இருக்கிற பிரச்சினைக்குத்தான் பிரைஸ்" என்றேன், தேன் ஒழுக.

தாடையைச் சொறிந்தார். ரிஜிஸ்டர் வேறு ரூமில் பூட்டிக் கிடக்கிறது, இரண்டையும் யார் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். "நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இரு கைகளும் நசுங்கியதால்" என்று அழகான கையெழுத்தில் எழுதி, தேதியும் போட்டு ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை நடுவராக வந்தவர் ஹெட் ஆபீஸ் சேஃப்டி அதிகாரி காந்திமதி மேடம். அந்த அட்டை முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தானே பிரஸ் இறங்கும்? அப்ப ரெண்டு கையும் எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டார். "இப்படி ஒரு ஆக்சிடென்ட் எங்களுக்கு ரிப்போர்ட்டே ஆகலையே, ஸ்ரீதர்?"

ஸ்ரீதருக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியே இழுத்தார். "கதவுலதான் நசுங்குச்சு, சார்தான் தப்பா எழுதிட்டாருன்னு நீ சொல்லிடும்மா. ஜாஸ்மின், உன் கால்ல வேணா வுழறேன். என் பொண்ணு பிளஸ் டூ படிக்குது."

எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

"எனக்கும் ஒரு பொண்ணு கீது சார்" என்றேன். "அஞ்சு மாசமா அது தலையில ஒரு பேன் எடுக்க முடியல என்னால."

கையை உதறிக்கொண்டு காந்திமதி மேடத்திடம் போனேன். பட்டனைக் கட்டின கம்பியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.