தொள்ளாயிரத்தில் தொடங்கிய கம்பம்

காலையிலிருந்து குனிந்தே செங்கல் அடுக்கியதில் கொத்தனாருக்கு இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. நிமிர்ந்தபோது, மேஸ்திரி செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாதுகாப்பு பெல்ட்டு வேணும்னு உசுரை வாங்குனியே, செய்தியைப் பாருய்யா. கட்டட வேலையில சாவு பாதியாக் குறைஞ்சிடுச்சாம்!"

திரையில் இருந்த வரைபடத்தில் போன வருடச் சாவுக்கு ஒன்று, இந்த வருடத்துக்கு ஒன்று என இரண்டு கம்பங்கள். இரண்டாவது, முதலாவதில் பாதி உயரம். கொத்தனார் சுவரைப் பார்ப்பதுபோல அடியிலிருந்து பார்த்தார். அடிக்கோட்டில் பூஜ்யம் இல்லை, தொள்ளாயிரம் என்றிருந்தது. முதல் கம்பத்தின் உச்சியில் ஆயிரம்; அடுத்ததில் தொள்ளாயிரத்து ஐம்பது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நூறடிச் சுவரையும் தொண்ணூத்தஞ்சடிச் சுவரையும் தொண்ணூறடி வரைக்கும் மறைச்சுட்டுக் காட்டுனா, பாதியாத்தான்யா தெரியும். நெசமாக் குறைஞ்சது ஆயிரத்துக்கு அம்பதுதான். மேஸ்திரின்னு பேரு, தரையிலேருந்து அளக்கத் தெரியல!"

"செய்தியில போடுறவன் முட்டாளா?"

"அவன் முட்டாள் இல்ல. நம்மளை முட்டாள்னு நெனைக்கிறான். மிச்சத் தொள்ளாயிரத்து அம்பது பேரு யாரு வீட்டுப் பிள்ளைங்க?"

நாலாவது மாடிச் சாரத்தில் அவர் தம்பி பெல்ட் இல்லாமல் பூசிக்கொண்டிருந்தான்.

"டேய், கரண்டியை வச்சுட்டு இறங்குடா!"

"வேலை நின்னுடும்யா!" என்று மேஸ்திரி பதறினார்.

"நிக்கட்டும். சாரத்துல ஏறுற ஏழு பேருக்கு ஏழு பெல்ட்டுன்னு நீ வாக்குக் குடுத்து மூணு மாசமாச்சு. ஏழும் பாக்கி."