பதினாலாம் நம்பர்

தாராபுரத்தில் திருமணத் தகவல் மையம் நடத்தும் மாரியாத்தாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு வருஷத்து வரன் விவரங்களைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதுசுக்குத் தானே மாற்றியிருந்தாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. அந்த வீறாப்புக்குத்தான் இந்தத் தண்டனை.

ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், சம்பந்தம் கிடையாதே என்று பழையதில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். வந்து உட்காருகிறவர்கள் கண்ணில் பெண்பிள்ளை பெயர் படக்கூடாது என்பதால் உள்ளே ஃபைல்களுக்கு ஒன்று, இரண்டு என்று வெறும் நம்பர்தான். புதுசில் இத்தனை ஃபோல்டர் எதற்கு என்று எல்லாவற்றையும் ஒன்றிலேயே கொட்டினாள். இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதைப் போடட்டுமா என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. இது என்னடா நச்சு என்று படிக்காமலே எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள். ஒவ்வொரு நம்பரிலும் கடைசியாக வந்த ஒருத்தர் மட்டும் மிஞ்சினார். பழைய கம்ப்யூட்டரையோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. கடைக்காரர் அதைச் சுத்தமாக அழித்தும் விட்டார்.

விஷயம் தெரிந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில். சென்னிமலையிலிருந்து ஒரு பையனின் அம்மா, பிரீத்திகாவின் விவரத்தைச் சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொன்னார். அவளுடைய பதினாலாம் நம்பரைத் திறந்தால், கரூர்ப் பையன் ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு சிரிக்கிறான்.

பிரீத்திகா சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்ப்பவள். முதல் கல்யாணம் ஐந்தே மாதத்தில் முறிந்து, மூன்று வருஷமாக வருகிற வரனெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. பாவம், இதுவும் நம் கையாலேயே கெட வேண்டுமா என்று நினைத்தாள் மாரியாத்தாள். விவரம் கொடுத்த பிரீத்திகாவின் அப்பா அங்கப்பனுக்குப் போன் போட்டாள். எடுத்தது லீவுக்கு வந்திருந்த மகளேதான். மாரியாத்தாள் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

"அதுல என்னங்க எழுதியிருந்துச்சு? நான் பாத்ததே இல்லீங்க."

மாரியாத்தாளுக்கு ஞாபகம் இருந்தது இரண்டே வரிதான். வயது முப்பத்திரண்டு. எதிர்பார்ப்பு ஒன்றுமில்லை.

"எனக்கு முப்பத்தாறுங்க," என்றாள் பிரீத்திகா. "நான் சொல்றேன், எழுதிக்குங்க அக்கா."

முதல் கல்யாணத்திலிருந்து தானேதான் வெளியே வந்ததாகச் சொன்னாள். வேலையை விடமாட்டாளாம், அப்பா தன்னோடுதான் இருப்பாராம். எதிர்பார்ப்புக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தாள். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவராக, கோபம் வந்தாலும் பேசாமல் இருந்துவிடாதவராக வேண்டும் என்றாள். மாரியாத்தாள் ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்து அனுப்பினாள்.

சாயங்காலமே பதில் வந்தது. வயசு ஒத்துவராது என்று பையனின் அம்மா முடித்துவிட்டார். இதை எந்த வாயால் சொல்வது என்று தவித்துத் தவித்துத்தான் மாரியாத்தாள் மறுபடி கூப்பிட்டாள்.

"பரவாயில்லீங்க அக்கா," என்றாள் பிரீத்திகா. "இத்தனை நாளா வேற யாரையோ வேண்டாம்னாங்க. இன்னைக்குத்தான் என்னைய வேண்டாம்ங்கறாங்க. இதையே அடுத்தவங்களுக்கும் அனுப்புங்க."

மாரியாத்தாள் போனை வைத்தாள். அப்பன் சொல்ல, தான் அடிக்க, எத்தனை வீட்டுப் பெண்களை இப்படி யாரோவாக ஊரெல்லாம் அனுப்பியிருப்பாள்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, விவரம் அழிந்துபோன அடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் பெண்ணின் அப்பா. விவரமெல்லாம் போய்விட்டது என்றதும், அதற்கென்ன, எங்கள் அம்மணியைப் பற்றி நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

"வேண்டாமுங்க," என்றாள் மாரியாத்தாள். "போனை அம்மணிகிட்டக் குடுங்க."