மடங்கிய கட்டைவிரல்

"உன் தங்கச்சிக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியுமா?" என்று போன மாதம் டாக்டரம்மா கேட்டபோது, அக்காக்காரி தலையை மட்டும் ஆட்டினாள். தெரியும் என்று ஆட்டினாளா, தெரியாது என்றா என்பது அவளுக்கே விளங்கவில்லை. அம்மா தையல் கம்பெனிக்குப் போகத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, எட்டு வயதுத் தங்கையோடு வீட்டுக்குள் அடைந்தவள் அவள். அதற்கு முன் இரண்டு வருஷமாக, "பாப்பா சாப்பிட்டாளா?" என்பதைத் தவிர அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

தங்கைக்கு நடை வராது, பேச்சும் வராது. ஆனால் பகல் முழுக்கத் தனியே கிடந்த அந்த இருவரும் தங்களுக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார்கள். கட்டைவிரலை நீட்டினால் சரி. உள்ளங்கைக்குள் மடக்கினால் வேண்டாம். ஒருநாள் அக்கா இதை அம்மாவிடம் காட்டியபோது, "நரம்பு இழுக்குதுடி" என்று அம்மா சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்று ஆஸ்பத்திரியில், இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்காகத் தங்கையின் முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் நீர் எடுக்க வேண்டும்.

"திரும்பவும் சொல்றேன்மா. இதனால உங்க பொண்ணுக்குக் குணமாகாது. பின்னால வர்ற பிள்ளைங்களுக்கு உதவலாம், அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

"உங்க கைபட்டா நடந்துடுவா டாக்டர்" என்று அம்மா கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதமாக அவள் முகத்தில் சிரிப்பு வந்ததே இந்தப் பேச்சில்தான்.

பிள்ளையின் சம்மதத்துக்கும் தாளில் ஒரு கட்டம் இருந்தது. நர்ஸ் ஊசியைக் காட்டி விளக்கினாள். தங்கையின் கட்டைவிரல் உள்ளே போயிற்று. ரேகை வைக்க நர்ஸ் அதைப் பிரித்தாள், மறுபடி மூடிக்கொண்டது.

"அடி கள்ளி! ஒளிச்சு வெச்சா விட்டுடுவேனா? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

"தேய்ச்சு விட்டா இளகிடும் சிஸ்டர்" என்று அம்மாவும் கையைப் பிடித்தாள்.

தங்கை அக்காவையே பார்த்தாள்.

"அவ வேண்டாங்கிறா." அக்கா சொன்னது யார் காதிலும் விழவில்லை. டாக்டரம்மா பக்கம் திரும்பி மறுபடி சொன்னாள். "வேண்டாம்னு அவ அப்படித்தான் சொல்லுவா டாக்டர்."

"வாயை மூடுடி. ஒன்பதாவதோட நின்னவ வைத்தியம் சொல்ல வந்துட்டா!"

டாக்டரம்மா அம்மாவைக் கையமர்த்திவிட்டுக் குனிந்தார். "பாப்பா, தண்ணி குடிக்கிறியா?"

விரல் மெல்ல வெளியே வந்தது.

"ஊசி போடலாமா?"

உள்ளே போயிற்று. மாற்றி மாற்றி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில்.

"போன மாசமே நான் உட்கார்ந்து கேட்டிருக்கணும்" என்று டாக்டரம்மா தாளின் குறுக்கே கோடு போட்டார்.

"அவ நடந்துட்டா உனக்குப் பொறுக்காதாடி?" என்றாள் அம்மா. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"அம்மா, இது நடக்கறதுக்கான வைத்தியம் இல்லம்மா. அவங்கதான் சொன்னாங்களே..."

அம்மா தங்கையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். அக்கா பையை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் அம்மா கதவைத் தாண்டிப் போயிருந்தாள்.