எண்ணிக்கை சரியாயிருந்த நாள்

ஆற்றின் வளைவில் அடங்கிக் கிடந்த அப்பழந்தலைநகரின்மேல் காலையொளி மெல்லப் படரப் படர, முடியிழந்த மன்னர்களின் மாடங்களும், நாழிகை சொல்ல மறந்து நின்ற மணிக்கூண்டும், ஒருவன் கட்ட மற்றொருவன் இடிக்க மூன்றாமவன் மீண்டும் எழுப்பிய கோட்டை வாயிலும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டுத் தம் இடத்தில் நின்றன. வாயிலின்முன் விரிந்த கல்முற்றத்தில், முன்னொரு காலத்தில் குற்றஞ் சாட்டப்பட்டோரின் தலைகள் உருண்ட அதே இடத்தில், இப்போது சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டி நின்று உறுமிக்கொண்டிருந்தன. படிப்போரே, பெருநகர்களின் பழம்புகழ் இவ்வளவே. யாரோ அழுத இடத்தை நாம் நெடுநாள் கழித்து நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தோளில் ஏற்றியபடி பார்த்துவிட்டு வருகிறோம்.

அம்முற்றத்தினின்று புறப்படும் பேருந்தொன்றில் பதினோராண்டுகளாக வழிகாட்டியாய் உழைத்து வந்த பெண்ணை உடன் வேலை பார்ப்போர் 'முப்பத்திரண்டு' என்றே அழைத்தனர். அவள் வண்டியில் நாள்தோறும் ஏற்றும் பயணிகள் அத்தனை பேர்; பின்னால் ஒரு நீளிருக்கை மட்டும் எப்போதும் காலியாய்க் கிடக்கும். ஒவ்வோரிடத்திலும் வண்டி நகருமுன் நடைவழியில் நின்று, சுட்டுவிரல் நீட்டித் தலைகளை எண்ணி, எண்ணிக்கை நிறைந்த பின்னரே ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பாள். ஒருமுறையேனும் ஒருவரையேனும் விட்டுவிட்டு வந்தாளில்லை என்பதில் அவளுக்குச் சற்றே தலைக்கனமும் உண்டு. மாடிப்படியில் விழுந்து இடுப்பொடிந்து கிடந்த கணவனும் பள்ளிக்குச் செல்லும் மகளும் அந்த ஒற்றை விரலை நம்பியே உண்டு வந்தனர்.

அன்று முன்வரிசைச் சாளரத்தோர இருக்கையில் அமர்ந்திருந்தவர், நாற்பதாண்டு நிலமளந்து ஓய்வு பெற்ற முதியவர். துணைக்கு யாருமின்றித் தனியே வந்திருந்தார். வழிகாட்டி ஒன்று சொன்னால் அவர் இரண்டு கேட்டார். மணிக்கூண்டின் உயரம் நூற்றைம்பது அடி என்று அவள் முழங்க, அவர் ஒரு கண்ணை இடுக்கி, கட்டைவிரலை நீட்டிப் பார்த்துவிட்டு, "நூத்தி இருபதுக்கு மேல போகாதும்மா" என்றார். அரண்மனைப் படிகள் எண்பது என்றாள்; ஏறி முடித்தவர் மூச்சிரைக்க, எழுபத்தாறு என்றார். அவர் சொன்னவை யாவும் சரியானவை என்பதே அவளை மிகவும் சுட்டது. மூன்றாம் இடத்திற்கு வருவதற்குள், பயணிகள் பழம்பொருள்களை விட்டுவிட்டு, அடுத்து எங்கே அவள் மூக்கு உடைபடும் என்று பார்க்கத் தொடங்கிவிட்டனர். பதினோராண்டாய் ஒப்பித்துவந்த பாடம் ஒரே முற்பகலில் பல்லிளித்ததை அவளால் எப்படிப் பொறுக்க முடியும்? அவளும் நம்மைப் போன்ற மனிதப்பிறவிதானே?

நண்பகலுக்குப் பின், நகரினின்று இரண்டு மணிப் பயணத்தொலைவிலிருந்த கடற்கோட்டைக்கு வண்டி சென்றது. கரைக்கு அப்பால் ஒரு பாறைத்தீவு. அதன்மேல் மன்னர் காலத்துச் சிறை. கரையையும் தீவையும் இணைக்கும் தாழ்ந்த கற்பாதை. கடல் வற்றியிருக்கும் சில மணி நேரமே அப்பாதை வெளித்தெரியும். ஓதம் ஏறினால் ஆளுயரத்திற்கு நீர் மூடிவிடும். அதனாற்றான் அக்காலத்துக் காவலர் இரவில் அச்சிறைக்குக் கதவடைக்கவும் மறந்து உறங்கினர் என்பர்.

கோட்டை மதிலின் சுற்றளவு நானூறு அடிவைப்பு என்று அவள் சொன்னதுதான் தாமதம், முதியவர் தலையாட்டினார்.

"இருக்காதும்மா. முந்நூறுகூடத் தேறாது."

அவளுக்குப் பொறுமை கையைவிட்டுப் போயிற்று. "அப்ப நீங்களே ஒரு சுத்து நடந்து அளந்து பாத்துட்டு வந்து சொல்லுங்கய்யா. நாங்க எல்லாரும் கேட்டுக்கறோம்" என்றாள், உரத்த குரலில். பயணிகள் கொல்லென்று சிரித்தனர். முதியவரும் சிரித்தார், கேலியைக் கேலியாகக் கொள்ளாமல், நெடுநாளைக்குப் பின் தம்மிடம் ஒருவர் வேலை ஒப்படைத்தது போல முகம் மலர்ந்து, கடல்நோக்கிய மதிற்பக்கமாய் நடந்து போனார்.

சிறிது நேரத்தில் வானம் கறுத்துப் பெருமழை கொட்டியது. வாயிலில் சீட்டுக் கொடுக்கும் பெண், வழக்கம்போல் எல்லோருக்கும் மஞ்சள்நிற மழையங்கிகளை அள்ளிக் கொடுத்தாள். வழிகாட்டி மும்முறை ஊதலை ஊதினாள். காற்றும் அலையும் அவ்வொலியை வாயிலுக்கு அப்பால் போகவிட்டனவோ இல்லையோ, யாரறிவார்? மக்கள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கற்பாதை வழியே ஓடிவந்து வண்டியேறினர். கண்ணாடியெங்கும் ஆவி படிய, விளக்கு மங்க, அவள் நடைவழியில் நின்று மஞ்சள் முக்காடுகளை எண்ணினாள். முப்பத்திரண்டு. "போலாம்ணே" என்றாள், ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.

வண்டி ஓடத் தொடங்கியபின் முன்வரிசைச் சாளரத்தோர இருக்கை வெறுமையாய் இருப்பதை அவள் கண்டாள். கண்டாள் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். நனைந்த மனிதர் பின்பக்கம் போய் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள், எண்ணிக்கைதான் சரியாயிருக்கிறதே! இனி ஊர்போய்ச் சேரும்வரை தொல்லையில்லை என்று காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.

முக்கால் மணி கழித்து ஒரு நாற்சந்தியில் வண்டி நின்றது. பின்னிருக்கையிலிருந்து மஞ்சள் முக்காடு ஒன்று எழுந்து வந்து, ஓட்டுநருக்கு நன்றி சொல்லி இறங்கிப் போயிற்று.

"யாருண்ணே அது?"

"கோட்டையில சீட்டுக் குடுக்குற அம்மா, தங்கச்சி. மழையில பஸ் இல்லாம நிக்கிறேன்னுச்சு, பாவமா இருந்துச்சு, ஏத்திக்கிட்டேன்."

அவள் எழுந்து ஓடி முக்காடுகளை ஒவ்வொன்றாய் விலக்கி முகங்களைப் பார்த்தாள், ஒருவர் குறைந்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர்கள் மீண்டபோது, கற்பாதை இருந்த இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. அக்கடலில் படகிறக்க எவரும் துணியவில்லை. மறுநாள் நீர் வற்றியபின், கரைக்கு மிக அருகில், கற்பாதையை ஒட்டிய பாறையிடுக்கில் முதியவரின் உடலை எடுத்தனர்.

முதலாளி கெட்டிக்காரர். அன்று மாலையே அவளையும் ஓட்டுநரையும் அழைத்து, அவள் வாக்குமூலம்போல் எழுதி வைத்திருந்த தாளை மேசைமேல் நகர்த்தினார். பயணியைத் தான் நேரில் அழைத்ததாகவும், வர மறுத்து, தாமே வேறு வண்டியில் திரும்பிக்கொள்வதாக அவர் சொன்னதாகவும் அதில் கண்டிருந்தது.

"போனவரு திரும்பி வரப்போறதில்ல. உன் லைசென்ஸ் போச்சுன்னா உன் வீட்டுக்காரருக்கு யாரு சோறு போடுவா? யோசிச்சுக்கோ" என்றார்.

ஓட்டுநர் அவள் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தனர். அவள் எழுத்தொன்றும் படியாமல் கையொப்பமிட்டாள். இறந்தவர்மேல் பழிபோடுவதைப் போல எளிய செயல் உலகில் வேறில்லை. அவர்கள் மறுத்துப் பேசுவதில்லை.

நான்காம் நாள் முதியவரின் மகள் வந்தாள். கல்முற்றத்தின் ஓரத்திலிருந்த நிறுவனத்து அலுவலகத்தில், அரண்மனையும் மணிக்கூண்டும் கடற்கோட்டையும் வண்ணப்படங்களாய்த் தொங்கிய சுவரின் கீழ், இருவரும் எதிரெதிரே அமர்ந்தனர். முதலாளி உள்ளறையில் இருந்தார். வசைமாரி பொழிவாள் என்று எண்ணி வழிகாட்டி தலைகுனிந்திருக்க, வந்தவளோ கைக்குட்டையைப் பிசைந்தபடி தணிந்த குரலில் பேசினாள்.

"உங்ககிட்ட சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வரமாட்டேன்னு சொன்னப்ப அப்பா முகம் எப்படி இருந்துச்சு?"

வழிகாட்டியின் பதிலுக்குக் காத்திராமல் வந்தவளே தொடர்ந்தாள்.

"அம்மா போனதுலருந்து அவரு யார்கிட்டயும் பேசறதில்ல. எனக்கும் வேலை, புள்ளைங்க... வீட்லயே அடைஞ்சு கெடக்காதீங்கன்னு நான்தான் வம்படியா இந்த டிக்கெட்டை வாங்கிக் குடுத்தேன். 'தனியா போயி என்னத்தம்மா பாக்கப் போறேன்'னாரு. சத்தம் போட்டு அனுப்பி வச்சேன். எங்க போனாலும் அரை மணி முன்னாடி போயி நிக்கிற மனுசன். அவரு வரமாட்டேன்னு சொன்னாருன்னா, தண்ணி ஏறும்னு தெரிஞ்சும் அங்கயே இருந்தாருன்னா... அவரு திரும்பி வர வேணாம்னு நெனச்சுட்டாருல்ல? நான் அவரைத் துரத்தி விட்டதாதானே ஆச்சு? நாலு நாளா கண்ண மூடினா இதுதான் வருது."

வழிகாட்டி அப்போதுதான் கண்டுகொண்டாள். தாளில் எழுதப்பட்ட பொய் போனவர்மேல் விழுந்து அவரோடு புதைந்துவிடவில்லை; இருக்கிறவளின் கழுத்தைப் பிடித்திருந்தது. தன் மகள் என்றேனும் ஒருநாள் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எவளிடமோ கெஞ்சுவதாக ஒரு கணம் அவள் நெஞ்சில் தோன்றியது. படுக்கையில் கிடக்கும் கணவனும் தோன்றினான். உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அவரு அப்படிச் சொல்லவே இல்லம்மா. நான் அவரைக் கூப்பிடவே இல்ல."

தொடங்கியபின் ஒன்றையும் மறைத்தாளில்லை. மணிக்கூண்டில் தொடங்கி, தான் கேலியாய் அளக்கச் சொன்னதையும், அவர் சிரித்துக்கொண்டே போனதையும், ஒரு தலைக்கு மற்றொரு தலை ஈடாகி எண்ணிக்கை நிறைந்ததையும் வரிசையாய்ச் சொன்னாள்.

"அவரு சீட்டு காலியா இருந்ததை நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே கேள்வி கேக்க மாட்டாருன்னு."

முற்றத்தில் ஏதோ ஒரு வண்டியின் வழிகாட்டி ஊதலை ஊத, மக்கள் கலகலவென்று பேசிக்கொண்டு ஏறும் ஒலி கேட்டது.

"அப்ப அவரு வரத்தான் பாத்திருக்காரு" என்றாள் அவள், தனக்குத்தானே. "கரைக்குக் கிட்டக்க வந்துட்டாருன்னு போலீஸ்ல சொன்னாங்க. வீட்டுக்கு வரத்தான் நடந்திருக்காரு."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். உள்ளறைக் கதவு திறந்தது. முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அவரைத் திரும்பியும் பாராமல் வழிகாட்டி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். முன்னதை மறுத்து, நடந்தது நடந்தபடியே தன் கைப்பட எழுதி, இம்முறை எழுத்தெழுத்தாய்ப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டு, எதிரே இருந்தவளிடம் நீட்டினாள். அத்தாள் அவள் உரிமத்தைப் பறிக்கும், வழக்குமன்றத்தில் நிறுத்தும், ஒருவேளை சிறைக்கும் அனுப்பும் என்பதை அவள் அறிவாள். அறிந்தேதான் நீட்டினாள்.

மகள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாயிற்படியில் ஒருகணம் நின்றாள்.

"உங்களை நான் மன்னிக்க மாட்டேன். சாகற வரைக்கும் மாட்டேன்" என்றாள். "ஆனா இன்னைக்கு நான் தூங்கிடுவேன்."

அவள் கல்முற்றத்தைக் கடந்து, படம்பிடித்துக்கொண்டு நின்ற பயணிகளினூடே நடந்து மறைந்தாள். மன்னிப்பைப் பெறும்பொருட்டுச் சொல்லப்படும் உண்மைக்கு வாங்குவோர் பலர். அதனைப் பெறமாட்டோம் என்று தெரிந்தும் பிறர் உறங்கும்பொருட்டுச் சொல்லப்படும் உண்மையோ, சொன்னவரை என்றும் உறங்கவிடாது. ஆயினும், படிப்போரே, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவள் பின்னொருபோதும் யாரிடமும் கூறினாளில்லை.