ஏழாம் மேசை ஸ்பகெட்டி

அமெரிக்காவின் வடக்கே எங்கள் டுலூத் நகரில், ஏரிக்கரைத் தெருவில் இருக்கும் 'கசா பெத்ரூச்சி' இத்தாலிய உணவகத்தில், நவம்பர் மாத வியாழக்கிழமை ஒன்றில், ஏழாம் மேசையில் வைத்த ஸ்பகெட்டி மாலை ஐந்தே முக்காலுக்கும் ஏழுக்கும் இடையில் நாற்பத்தொரு அடி வளர்ந்தது. அன்று வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. லசான்யா பத்தொன்பது டாலர்.

மேசையில் இருந்தவர்கள் ஆர்விட் லுண்ட்க்விஸ்டும் அவர் மனைவி மார்லிஸும். ஆர்விட் துறைமுகத்துத் தூக்குப் பாலத்தை முப்பத்தைந்து வருடம் ஏற்றி இறக்கிவிட்டு அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். இருபத்திரண்டு வருடமாகத் திருமண நாள் சாப்பாடு அவர்களுக்கு இங்கேதான். ஸ்பகெட்டி வழக்கம்போலக் களியாகக் குழைந்திருந்தது, சாஸ் தித்தித்தது, இறைச்சி உருண்டை நடுவில் சில்லென்று இருந்தது. பரிமாறும் கொரீன் வந்து, "எல்லாம் எப்படி இருக்கு?" என்றார். "அருமை" என்றார் ஆர்விட். எங்கள் ஊரில் வேறு பதில் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. ஸ்பகெட்டி ஒரு முழம் நீண்டு மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. கணவர் சொன்னது போதாதோ என்று நினைத்து, "சாஸ் ரொம்ப நல்லாருக்கு" என்று மார்லிஸ் சேர்த்துக்கொண்டார். ஸ்பகெட்டி தரையைத் தொட்டது. கொரீன் அதை மிதிக்காமல் தாண்டிப் போய் மிளகுப்பொடி கொண்டுவந்தார். பக்கத்து மேசைப் பல் மருத்துவர் குடும்பம் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தது. முதலாளி டீனோ வந்து, "குறை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்க, "சேச்சே!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஸ்பகெட்டி வாசலுக்குப் போனது. போகட்டும் என்று டீனோ கதவைத் திறந்துவிட்டார்.

"ஆர்விட், நாம பொய் சொல்றப்பெல்லாம் இது வளருது."

"தெரியுது."

"தெரிஞ்சுமா சொல்ற?"

"உனக்கு இந்த இடம் பிடிக்குமேன்னுதான்."

"எனக்கா? நீ ஆசைப்படுறேன்னு நானில்ல இருபத்திரண்டு வருஷமா இந்தக் களிய முழுங்கறேன்!"

ஸ்பகெட்டி நின்றது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்த வாக்கில் மார்லிஸ், "சரி, தினம் போறியே ஜிம், அதுவாவது நல்லாருக்கா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லாருக்கு" என்றார் ஆர்விட். வெளியே யாரோ அலறினார்கள். ஸ்பகெட்டி எதிர்ப்புறத் தபால் பெட்டியை எட்டியிருந்தது.

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். டீனோவும் கொரீனும் போகாமல் நின்றார்கள்.

"நான் அங்க போறதே இல்ல" என்றார் ஆர்விட், தட்டைப் பார்த்தபடி. "பாலத்துக்கிட்ட கார நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். கப்பல் வந்தா, இப்ப இருக்கற ஆளு எப்படித் தூக்குறான்னு பாப்பேன். ஒரு நிமிஷம் லேட்டாத்தான் தூக்குறான். நீ வேலைக்குப் போனப்புறம் அந்த வீட்டுல என்ன பண்றதுன்னு தெரியல, மார்லிஸ். பயமா இருக்கு."

தினமும் நாற்பது பிள்ளைகளை அதட்டும் மார்லிஸ் எட்டிக் கையை நீட்டினார். ஆர்விட்டின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சாஸைத் துடைத்துவிட்டார். "மடையா. எட்டரைக்கு என் பஸ் காலியாயிடும். ஒன்பது மணிக்கு நானும் வந்து உக்கார்றேன். காபி கொண்டுவரேன், ஹீட்டரப் போட்டு வை." ஸ்பகெட்டி வளரவில்லை. சுருங்கவும் இல்லை.

தெருவில் கிடந்ததை மறுநாள் பனி தள்ளும் வண்டி பனியோடு சேர்த்து ஒதுக்கியது. சாஸ் இன்றுவரை மாறவில்லை, கூட்டமும் குறையவில்லை. வாரத்துக்கு இரண்டு மேசையிலாவது இப்படி ஆகிறது. அன்றிலிருந்து இந்த ஆறு வருடத்தில் மூன்று விவாகரத்து, ஒரு மறுமணம். கொரீன் இப்போதெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. தட்டை வைக்கும்போதே, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போக எத்தனை டப்பா வேணும்?" என்று கேட்டுவிடுகிறார்.