சிவப்புப் பக்கம்

மிச்சியோ தண்டவாளத்தைக் கடந்து நடைமேடைக்கு ஓடி ஏறியபோது மணி ஒன்பது பத்து. கையில் அப்பாவின் துவைத்த பைஜாமா. ஒன்பது பன்னிரண்டு வண்டியைப் பிடித்துவிட்டால் நாற்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

பன்னிரண்டு ஆனது. பதினைந்தும் ஆனது. கேட் மணி அடிக்கவே இல்லை.

அப்போதுதான் சுவரிலிருந்த அட்டவணையை நிமிர்ந்து பார்த்தாள். இடது பக்கம் கறுப்பில் வேலைநாள், வலது பக்கம் சிவப்பில் விடுமுறை. இன்று நவம்பர் இருபத்து மூன்று, உழைப்பாளருக்கு நன்றி சொல்லும் நாள், ஊருக்கே லீவு. சிவப்பில் ஒன்பது பன்னிரண்டே கிடையாது. அடுத்தது பத்து நாலு. முப்பத்தோரு வருடம் இதே ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தவரின் மகள், எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே இந்த அட்டவணையை ஒப்பித்தவள். வேறு யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அப்பா ஓய்வு பெற்றதுமே டிக்கெட் ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். கேட்க ஓர் ஆள் இல்லை. ஊரிலிருந்த ஒரே டாக்சிக்காரர் போனை எடுக்கவில்லை. கடைசியில் தம்பி கெங்கோவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க இருக்க? அப்பாவுக்கு மூச்சு ரொம்ப இழுக்குது. மிச்சியோ வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"ஒம்போது பன்னெண்டு இன்னிக்கு இல்லடா. லீவுன்னு மறந்துட்டேன்."

"நீயா?" என்றான். "நான் கார எடுத்துட்டு வரட்டுமா?"

"அவர தனியா விட்டுட்டா? வேணாம். பக்கத்துலயே இரு."

பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள். பைஜாமாவைப் பிரித்து மறுபடி மடித்தாள். தன்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

பத்து ஒன்றுக்கே ஒற்றைப் பெட்டி வண்டி வந்துவிட்டது. பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து ஏறி, பெட்டியோரத்து எந்திரத்திலிருந்து, ஏறிய ஸ்டேஷனைக் காட்டும் எண் சீட்டை உருவிக்கொண்டாள். ஓட்டுநர் குவாபரா அப்பாவின் காலத்து ஆள்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"இழுத்துக்கிட்டு இருக்கு. இப்பவே எடுத்துட முடியாதா?"

அவர் எதிரே பொருத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "நாலுக்கு முன்னாடி எடுத்தா உங்கப்பாவே என்னை உரிச்சுடுவாரே." சொன்ன பிறகு அவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

போன் அதிர்ந்தது. கெங்கோதான். வண்டிக்குள் இருந்தது மூன்றே பேர், அதிலும் ஒருவர் தூக்கத்தில். இருந்தாலும் வண்டிக்குள் போன் பேசக்கூடாதென்றே பழகிய கால்கள் அவளை நடைமேடைக்கு இறக்கிவிட்டன.

"அக்கா."

அவனுக்குப் பின்னால் டாக்டரின் குரல் நிதானமாக, "பத்து மணி ரெண்டு நிமிஷம்" என்றது.

குவாபரா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நேரமாச்சு. ஏறும்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேணும்னா ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கிறேன். யார் என்ன கேட்டாலும் நான் பாத்துக்கிறேன்."

"வேணாம். நேரத்துக்கு எடுங்க. இனிமே எனக்கு அவசரமில்ல, அடுத்ததுல வரேன்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். மறுபடி போட்டுக்கொண்டு, சிக்னலை நோக்கி விரல் நீட்டி, பச்சை என்று வழக்கம்போல் உரக்கச் சொன்னார். கதவு மூடியது. பத்து நாலுக்கு வண்டி நகர்ந்தது.

நடைமேடையில் நின்றவளின் கையில் இன்னும் எண் சீட்டு இருந்தது. மிச்சியோ அதைப் பைஜாமாவின் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தாள். பிறகு சுவரருகே போய், சிவப்புப் பக்கத்தில் விரல் வைத்து, பதினோரு மணி வரிசையைத் தேடினாள்.